மூன்று குவியல் அரத்தூள்

ஜான்பெக் பிஸ்டன் ரிங்கை அரத்தால் ராவும்போது யாரும் பேசக் கூடாது. பேசினால் அரத்தைக் கீழே வைத்துவிட்டு, நாம் முடிக்கும்வரை நம் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பான். திட்டவே மாட்டான். நாலு வசவு வாங்கியிருந்தால் தேவலை என்று இருக்கும். பயாதர் தொழிற்பேட்டையில் எல்லாப் பட்டறையிலும் ரேடியோ அலறும். அவன் பட்டறைக்குள் நுழைந்தால் மட்டும் நாமே குரலைத் தாழ்த்திக்கொள்வோம்.

நான் அவனுக்குப் பக்கத்துப் பட்டறை. தேய்ந்த சிலிண்டரின் உட்சுவரைக் கடைந்து பெரிதாக்கி, போர் போட்டுக் கொடுப்பது என் தொழில். இங்கே மூத்த மகன் பெயரைச் சொல்லித்தான் தகப்பனைக் கூப்பிடுவார்கள். எனக்கு மூன்றும் பெண்கள். நூறில் ஒரு மில்லிமீட்டருக்காக நான் போடுகிற சண்டையைப் பார்த்துவிட்டு, மில்லிதான் இவனுடைய மூத்த பிள்ளை என்று சொல்லி ‘அபூ மில்லி’, மில்லியின் அப்பா, ஆக்கிவிட்டார்கள். முப்பது வருடமாக அதுதான் என் பெயர்.

ஜான்பெக் சர்க்காசியன். அவன் கொள்ளுத்தாத்தா காகசஸ் மலையிலிருந்து மாட்டுவண்டியில் வந்து வாதி ஸீரில் இறங்கியவர். இவன் பதினெட்டு வருடம் ராணுவப் பட்டறையில் வேலை பார்த்துவிட்டு, பென்ஷனோடு வந்து இங்கே கடை போட்டான். அவன் கை பேசியதெல்லாம் ஒரே ஒரு வகை எஞ்சினில்: நாலு சிலிண்டர், ரெண்டு லிட்டர், டர்போ. வெளியே போகிற புகையின் வேகத்திலேயே சுற்றி, எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கிற சின்னச் சக்கரம்தான் டர்போ. சின்ன எஞ்சினுக்குப் பெரிய எஞ்சினின் பலத்தைக் கொடுக்கும். கட்டியவன் அசந்தால் அந்த பலமே எஞ்சினைத் தின்றுவிடும்.

“பந்தய எஞ்சின் ஒரு மணி நேரம் தாங்கினா போதும்” என்பான். “தெருவுக்கான எஞ்சின் மாமியாரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும், எட்டாவது வட்டத்து ரவுண்டானா நெரிசல்ல வேகணும், அப்புறம் மலையும் ஏறணும். எது கஷ்டம், நீயே சொல்லு.”

அவனுக்கென்று ஒரு முறை உண்டு. பிஸ்டனைச் சுற்றி உட்காரும் ரிங் முழு வட்டம் இல்லை. ஓர் இடத்தில் மயிரிழை அளவு வெட்டு இருக்கும். சூட்டில் ரிங் நீளும்போது அந்த இடைவெளி மூடும். டர்போ எஞ்சினில் சூடு அதிகம் என்பதால் முனையை ராவி, இடைவெளியைக் கூட்டிக்கொள்ள வேண்டும். கூட்டாவிட்டால் இரண்டு முனையும் முட்டிக்கொள்ளும், ரிங் இறுகும், பிஸ்டன் உடையும். ஜான்பெக் ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு செய்தித்தாள் விரிப்பான். அந்தச் சிலிண்டரின் ரிங்குகளை அந்தத் தாளின் மேல்தான் ராவுவான். அரத்தூள் அப்படியே குவிந்து கிடக்கும், தட்டமாட்டான். நாலு தாளில் நாலு குவியலைக் கண்ணால் பார்த்த பிறகுதான் எஞ்சினை மூடுவான்.

நான் சொல்ல வந்தது அவன் மூன்று குவியலைப் பார்த்த கதை.

ஏழு வருடத்துக்கு முன்னால், ஒலிவக்காய் பறிக்கிற சமயம். மாதபாவிலிருந்து நவ்ராஸ் என்கிற இளைஞன் தன் ஜப்பான் காரை எஞ்சின் கட்டக் கொண்டுவந்தான். இருபத்து நாலு வயது. சிரித்தால் எதிரில் இருப்பவனும் காரணமில்லாமல் சிரிப்பான். வெள்ளிக்கிழமை அவன் சித்தப்பா மகனுக்குக் கல்யாணம். பெண் அழைத்துவரும் கார் வரிசையில் இவன் கார்தான் முதலில் போக வேண்டும். வாக்குக் கொடுத்துவிட்டானாம். ஜான்பெக்கும் வாக்குக் கொடுத்தான்.

சிலிண்டர்கள் இருக்கிற பிளாக்கை போர் போட்டுத் திங்கட்கிழமை தருவதாக நானும் வாக்குக் கொடுத்தேன். புதன்கிழமை மதியம்தான் கொடுத்தேன். அஜ்லூனில் மாமனார் தோட்டத்தில் ஒலிவம் பறிக்கப் போய்விட்டேன். அந்த வாரத்தில் இந்த நாட்டில் யார்தான் வேலை பார்க்கிறார்கள்! ஜான்பெக்கிடம் மெஷின் பெல்ட் அறுந்துவிட்டது என்று வாய் கூசாமல் சொன்னேன். அவன் என் காலடியை ஒருமுறை பார்த்துவிட்டு பிளாக்கை வாங்கிக்கொண்டான்.

வியாழக்கிழமை மத்தியானம் அவன் ராவிக்கொண்டிருந்தபோது நவ்ராஸ் ஒரு தட்டு குனாஃபாவோடு வந்து நின்றான். எல்லாப் பட்டறைக்காரர்களையும் கூப்பிட்டுக் கொடுத்தான். மறுநாள் குடும்பத்தில் கல்யாணம் வைத்திருக்கிறவன் கொண்டுவந்த இனிப்பை வேண்டாம் என்று சொல்ல முடியுமா? ஜான்பெக் அரத்தை வைத்துவிட்டு எழுந்தான், சாப்பிட்டான், கை கழுவிவிட்டு வந்து பிஸ்டன்களை இறக்கினான். சாயங்காலத்துக்குள் எஞ்சின் காரில் ஏறியது. அவசரத்தில் அண்டாவுக்குள்ளேயும் கை நுழையாது என்பார்கள். அன்றைக்கு எல்லாமே வழுக்கிக்கொண்டு நுழைந்தது.

வெள்ளிக்கிழமை கார் ஊர்வலத்தில் மெதுவாகப் போனது; ஒரு குறையும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை சாக்கடலிலிருந்து மாதபாவுக்கு ஏறுகிற மாஇன் மலைப்பாதையில் நவ்ராஸ் ஒரு தண்ணீர் லாரியை முந்தப் போனான். எதிரே ஒலிவம் பறிக்கிற ஏழு பேரை ஏற்றிய பிக்கப் வந்தது. கார் மலைப்பாறையில் பக்கவாட்டில் மோதியது. பிக்கப்பில் இருந்தவர்களுக்கு ஒரு கீறல்கூட இல்லை. நவ்ராஸ் அங்கேயே போய்விட்டான். தவறாக முந்தியதால் விபத்து என்று எழுதி முடித்தார்கள்.

மூன்று நாள் துக்கக் கூடாரத்துக்கும் நானும் ஜான்பெக்கும் போனோம். நவ்ராஸின் அப்பா முப்பது வருடம் அகபா பாதையில் லாரி ஓட்டியவர். மகன் போன பிறகும் அவர் அபூ நவ்ராஸ்தான். அந்தப் பெயரை இனி யார் மாற்ற முடியும்? வந்தவர்கள் முன்னால் நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னார்:

“என் பிள்ளை கிறுக்கன். கண்ணை மூடிட்டு முந்தப் பாத்தான், போயிட்டான். அந்த ஏழு பேரையும் ஆண்டவன் காப்பாத்தினான். அவங்க ரத்தம் என் வீட்டு வாசல்ல விழல. அதுக்கு நான் நன்றி சொல்லிக்கிறேன்.”

மூன்று நாளும் இதையே சொன்னார். ஜான்பெக் தலையைக் குனிந்துகொண்டு துக்க வீட்டில் தருகிற கசப்புக் காபியைக் குடித்தான்.

அதற்குப் பிறகு அவன் டர்போ எஞ்சினைத் தொடவில்லை. ஆயில் மாற்றினான், பிரேக் கட்டை மாட்டினான். ஈராக்கிலிருந்துகூட ஆள் தேடி வந்தார்கள். “கை மறந்துபோச்சு” என்று திருப்பி அனுப்பினான். பையன் போன துக்கம் என்று நினைத்துக்கொண்டேன். ஏழு வருடம் துக்கப்பட அவன் என்ன தகப்பனா என்று யோசிக்கிற அளவுக்கு எனக்குப் புத்தியில்லை.

இந்த வருடம் வசந்தத்தில் நவ்ராஸின் தங்கை லுஜைன் போன் செய்தாள். ஆஸ்பத்திரியில் நர்ஸ். அண்ணன் காரின் எஞ்சின் வீட்டுக் கொட்டகையில் தார்ப்பாய்க்கு அடியில் இருந்திருக்கிறது. அதே மாடல் கார் ஒன்றை எஞ்சின் இல்லாமல் ஸர்காவில் வாங்கிவிட்டாள். அண்ணன் எஞ்சினைக் கட்டி அதில் வைக்க வேண்டும். ஜான்பெக் முடியாது என்றான். மறுபடி கூப்பிட்டாள், மறுபடி முடியாது.

அடுத்த வாரம் காலை பத்து மணிக்கு அபூ நவ்ராஸ் நேரில் வந்தார். இரண்டு பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு, தலைத்துணி கட்டி, பெண் கேட்க வருகிற மாதிரி வந்தார். நான் தேநீர்க்கடைக்கு ஓடிக் காபி வாங்கிவந்தேன். ஜான்பெக் ஊற்றிக் கொடுத்தான். அபூ நவ்ராஸ் கோப்பையை வாங்கி, குடிக்காமல், எஞ்சின் கட்டும் மேசைமேல் வைத்தார்.

இங்கே ஒரு வழக்கம் உண்டு. கேட்க வந்தவர் கோப்பையைக் கீழே வைத்தால், கேட்டது கிடைத்த பிறகுதான் குடிப்பார். அதை ஆறவிட்டவன் வீட்டில் அப்புறம் யார் காபி குடிப்பார்கள்?

“ஜான்பெக், என் பொண்ணு ரெண்டு தடவை கேட்டா. முடியாதுன்னுட்ட. இப்ப நான் கேக்குறேன்.”

“அபூ நவ்ராஸ், நான் அந்த வேலையை விட்டு ஏழு வருஷம் ஆச்சு. என்னைவிட நல்ல ஆளுங்க இருக்காங்க.”

“இருக்காங்க. ஒருத்தன் நானூறு குதிரை சக்தி வர்ற மாதிரி கட்டித் தர்றேன்னு அவகிட்ட சொல்லியிருக்கான். அவ என் பேச்சைக் கேக்கமாட்டா. அண்ணன் எஞ்சின் ஓடியே ஆகணும்ங்கிறா. சரி, ஓடட்டும். ஆனா பயமில்லாதவன் கட்டுன வண்டியில என் இன்னொரு பிள்ளை உக்காரக் கூடாது. நீ பயந்து போயிருக்கிறதை ஊரே சொல்லுது. எனக்கு வேண்டியது அந்தப் பயம்தான்.”

ஜான்பெக் கோப்பையைப் பார்த்தான். ஆவி அடங்கிக்கொண்டு வந்தது.

“குடிங்க” என்றான்.

அவர்கள் போன பிறகு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, கவிழ்த்துப் போட்ட டயர்மேல் உட்கார்ந்தான். “மில்லி, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்.”

கல்யாணத்தன்று காலையில் பட்டறையைப் பெருக்க வந்திருக்கிறான். தரையில் நாலு செய்தித்தாள். மூன்றில்தான் அரத்தூள். நாலாவது தாள் சுத்தமாக இருந்ததாம். எஞ்சின் அதற்குள் காரில் ஏறி, கார் மாதபாவில் பூ சுற்றிக்கொண்டு நிற்கிறது.

“ஃபேன் காத்துல பறந்திருக்கும்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். ஒரு போன் பண்ணியிருக்கலாம். கல்யாண வீட்ல போய், மொத வண்டியை நிறுத்துன்னு எப்படிச் சொல்றதுன்னு வெக்கப்பட்டேன். சனிக்கிழமை கூப்பிடலாம்னு இருந்தேன். சனிக்கிழமை, ஞாயித்துக்கிழமைன்னு தள்ளிப் போட்டேன்.”

“ராவியிருப்படா. நீயாவது, மறக்குறதாவது.”

“அதைத்தான் ஏழு வருஷமா சொல்லிக்கிட்டிருக்கேன். இப்ப திறந்தா தெரிஞ்சிரும்.”

எஞ்சின் திங்கட்கிழமை வந்தது. எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றினோம். ஒன்று, இரண்டு, மூன்று சிலிண்டர்கள் சரியாக இருந்தன. நாலாவதில் சுவர் முழுக்கக் கீறல். பிஸ்டனை வெளியே இழுத்தான். ரிங் உட்காருகிற விளிம்பு ஒரு விரல் அகலத்துக்கு உடைந்துபோயிருந்தது. ரிங்கை மெல்லக் கழற்றி வெளிச்சத்தில் காட்டினான். இரண்டு முனையும் முகம் பார்க்கிற கண்ணாடியாகப் பளபளத்தன. முட்டி முட்டித் தேய்ந்தால்தான் அந்தப் பளபளப்பு வரும். தொழில் தெரிந்தவன் யாரும் அதற்கு வேறு காரணம் சொல்லமாட்டான்.

அவன் அழவில்லை. சர்க்காசியர்கள் அடுத்தவர் முன்னால் அழமாட்டார்கள். கை மட்டும் அந்த ரிங்கை வைக்க இடம் தெரியாமல் அலைந்தது.

நான்தான் கேவலமாகப் பேசினேன். “தூக்கிப் போடு. புது பிஸ்டன், புது ரிங். யாருக்குத் தெரியப்போகுது? அந்தக் கிழவனுக்கு ஆறுன புண்ணை எதுக்குக் கிளறுற?”

“முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கச் சொல்றியா?”

“ஏழு வருஷமா மறைச்சுக்கிட்டுதானே இருந்த?”

“ஆமா” என்றான். “அதான் சொல்றேன்.” ரிங்கைக் கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்ததும் மாதபாவுக்குப் போனோம். ஜான்பெக், எண்பது வயதான அவன் மாமா, நான். அபூ நவ்ராஸ் வீட்டு முன்னறையில் அவருடைய இரண்டு தம்பிகளும் இருந்தார்கள். உள்வாசல் நிலையில் லுஜைன் சாய்ந்து நின்றாள். அபூ நவ்ராஸ் தன் கையாலேயே காபி ஊற்றிக் கொடுத்தார். ஜான்பெக் கோப்பையைத் தரையில் வைத்தான். அவர் முகம் மாறிவிட்டது.

ஜான்பெக் கைக்குட்டையை விரித்தான். “இது உங்க மகன் எஞ்சின்ல நாலாவது சிலிண்டர் ரிங். இதை நான் ராவணும். ராவல. மறுநாளே எனக்குச் சந்தேகம் வந்துச்சு. அப்பவும் சொல்லல.”

அபூ நவ்ராஸ் ரிங்கை எடுத்து, கட்டைவிரலால் அந்த முனைகளைத் தடவினார். லாரிக்காரர், விளக்கம் தேவைப்படவில்லை.

“அப்ப பாதி முந்துறப்ப வண்டி செத்துப்போச்சு.”

“ஆமா.”

“அவன் கணக்கு தப்பல.”

“தப்பல. எஞ்சின் இழுத்திருந்தா, அந்தப் பிக்கப் கிட்ட வர்றதுக்கு முன்னாடியே லாரியைத் தாண்டி இந்தப் பக்கம் வந்திருப்பான்.”

“பாறையைப் பாத்துத் திருப்பினது?”

“வேற இடம் இல்ல. ஒரு பக்கம் லாரி. எதிர்ல ஏழு பேர். அவனாத்தான் திருப்பியிருக்கான்.”

உள்வாசலில் லுஜைன் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். அபூ நவ்ராஸ் ரிங்கைக் கைக்குட்டைமேல் திருப்பி வைத்தார். பேசியபோது குரல் ஏறவே இல்லை.

“மூணு நாள் கூடாரத்துல என் பிள்ளையைக் கிறுக்கன்னு சொன்னேன். அவன் கல்லறையிலயும் நின்னு சொன்னேன். அவன் அம்மா அதைக் கேட்டுக் கேட்டே போய்ச் சேர்ந்தா. நீ என் எதிர்ல உக்காந்து, என் காபியைக் குடிச்சிக்கிட்டு, கேட்டுக்கிட்டிருந்த.”

“ஆமா” என்றான் ஜான்பெக்.

அவன் மாமா தொண்டையைச் செருமினார். “அபூ நவ்ராஸ், மனுஷன் தானா வந்து சொல்லியிருக்கான். குடின்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க.”

“ரிங்குக்கு மன்னிச்சுட்டேன், ஹாஜி. கை மறக்கும். என் கையும் ரோட்ல எத்தனையோ தடவை மறந்திருக்கு. அந்த ஏழு வருஷத்தை இன்னிக்கு என்னால மன்னிக்க முடியல.” ஜான்பெக்கின் கோப்பையைத் தரையிலிருந்து எடுத்தார், அதில் இருந்ததை வாசல் செடிக்கு ஊற்றினார், கோப்பையைக் கண்ணாடி அலமாரியில் தனியாக வைத்தார். “எஞ்சினைக் கட்டு. அந்த மலையை அது ஏறட்டும். அப்புறம் பாப்போம்.”

மன்னிப்புக் கேட்டு வந்தவனைக் காபி குடிக்கவிடாமல் அனுப்பியதை அந்தத் தெருவில் யாரும் கண்டதில்லை. அவர் தம்பிகளே எங்களை நேராகப் பார்க்கவில்லை.

இதில் எனக்கு ஒரு பங்கு இருந்தது அந்த அறையில் யாருக்கும் தெரியாது. சொல்லியிருக்க வேண்டும். என் கோப்பையை நான் குடித்து முடித்திருந்தேன்.

மாமாவை இறக்கிவிட்டுத் திரும்பும்போது காரில் ஜான்பெக்கிடம் மட்டும் சொன்னேன். “அன்னிக்குப் பெல்ட் அறுந்துச்சுன்னு சொன்னேன்ல, அது பொய்டா.”

“தெரியும். உன் செருப்புல ஒலிவ இலை ஒட்டியிருந்தது.”

“நான் திங்கக்கிழமையே குடுத்திருந்தா...”

“பிளாக் லேட்டா வந்தா எஞ்சின் லேட்டாகும். ஆள் சாகமாட்டான். ரோட்டைப் பாத்து ஓட்டு” என்றான். எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும், வரவில்லை.

எஞ்சினுக்கு ஐந்து வாரம் ஆனது. இந்த முறை பிளாக்கைச் சொன்ன நாளுக்கு ஒரு நாள் முன்னதாகவே கொடுத்தேன். நாலாவது சிலிண்டரின் கீறல் போகும்வரை நாலையும் அரை மில்லிமீட்டர் பெரிதாக்கி, ஒவ்வொன்றையும் மூன்று உயரத்தில் அளந்தேன். ஜான்பெக் கிராங்க்கை மெருகேற்றினான், புதுப் பேரிங் போட்டான், வால்வுகளைத் தேய்த்து உட்கார வைத்தான். பழைய பெரிய டர்போவைத் தள்ளிவிட்டு அதைவிடச் சின்னது ஒன்றைப் பொருத்தினான். உச்ச பலம் குறையும். ஆனால் ஆக்ஸிலரேட்டரில் காலை வைத்ததும் காத்திருக்காமல் இழுக்கும். “முந்துறவளுக்கு அதுதான் வேணும்” என்றான். காற்றழுத்தத்தைப் பாதிக்கு இறக்கி, அதைத் திருகும் ஆணிமேல் சிவப்புப் பெயின்ட் வைத்தான். யாராவது திருகினால் பெயின்ட் காட்டிக்கொடுக்கும்.

ரிங் ராவுகிற அன்று லுஜைன் ஆஸ்பத்திரி உடையிலேயே வந்தாள். முக்காலியில் உட்கார்ந்து மூன்று மணி நேரம் வாய் திறக்கவில்லை. கடைசியில் தரையிலிருந்த தாள்களை விரலால் எண்ணினாள்.

“நாலு இருக்கு, சித்தப்பா” என்றாள் ஜான்பெக்கிடம்.

“இன்னொரு தடவை எண்ணும்மா.”

எண்ணினாள். அதன் பிறகுதான் பிஸ்டனை இறக்கினான்.

முதல் ஆயிரம் கிலோமீட்டர் அவளை அடக்கி ஓட்டச் சொன்னான். அவள் மாதபாவுக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவே பொறுமையாக ஓட்டி முடித்தாள். ஜான்பெக் ஆயிலை மாற்றி, எஞ்சின் சத்தத்தைக் கேட்டுப் பார்த்து, சரி என்று தலையாட்டினான். அந்த வெள்ளிக்கிழமை நாலு பேரும் கிளம்பினோம். லுஜைன் ஓட்டினாள். அபூ நவ்ராஸ் முன்னால். நானும் ஜான்பெக்கும் பின்னால். சாக்கடல்வரை இறங்கி, அதே மலைப்பாதையில் திரும்பி ஏறினோம்.

பாதி மலையில் ஒரு தண்ணீர் லாரி முன்னால் ஊர்ந்தது. யாரும் ஏற்பாடு செய்யவில்லை. அந்தப் பாதையில் எப்போதும் தண்ணீர் லாரி இருக்கும். லுஜைன் அப்பாவைப் பார்த்தாள்.

“ரோடு காலியா?” என்றார்.

“காலிப்பா.”

“அப்ப போ.”

விளக்குப் போட்டு இடப்பக்கம், எதிர் வண்டிகள் வருகிற பக்கம், எடுத்தாள். டர்போ மெல்லிய விசிலாக ஆரம்பித்தது. ஜான்பெக் கண்ணை மூடிக்கொண்டு, முன் இருக்கையைப் பிடித்திருந்தான். விரல்களில் ரத்தமே இல்லை. லாரியின் பின்சக்கரம், நடுச்சக்கரம், டிரைவரின் கதவு எல்லாம் பின்னால் போயின. கார் தயங்கவே இல்லை. லாரிக்கு முன்னால் வலப்பக்கம் வந்து சேர்ந்தோம். ஜான்பெக் அதற்கப்புறம்தான் மூச்சு விட்டான்.

கொஞ்சம் மேலே, பாறையில் இன்னும் வெள்ளைக் கீறல் தெரிகிற இடத்தில், அபூ நவ்ராஸ் நிறுத்தச் சொன்னார். இறங்கி, பையிலிருந்து ஃபிளாஸ்க்கை எடுத்தார். அதோடு ஒரே ஒரு கோப்பை. அலமாரியில் தனியாக வைத்த அதே கோப்பை. ஊற்றி ஜான்பெக்கிடம் நீட்டினார்.

“நவ்ராஸ் நல்லா ஓட்டினான்” என்றார்.

“நல்லா ஓட்டினான், அபூ நவ்ராஸ்.”

“இதை ஊருக்குள்ள வந்து எல்லார் முன்னாடியும் சொல்லு. இப்ப குடி.”

ஜான்பெக் குடித்தான். சர்க்காசியர்கள் அடுத்தவர் முன்னால் அழமாட்டார்கள் என்று மேலே எழுதியது தப்பு. லுஜைன் காரின் கதவைப் பிடித்துக்கொண்டு பாறையையே பார்த்தாள்.

அபூ நவ்ராஸ் அதே கோப்பையில் மறுபடி ஊற்றி என்னிடம் கொடுத்தார். சூடாக இருந்தது. எஞ்சினுக்கும் இன்னும் சூடு ஆறவில்லை. பானெட் மேல் காற்று நெளிந்தது. நான் கோப்பையைக் குடிக்காமல் அந்த பானெட் மேல் வைத்தேன்.

“அபூ நவ்ராஸ்,” என்றேன், “அந்தப் பிளாக்கை நான் திங்கக்கிழமை தர்றதா வாக்குக் குடுத்திருந்தேன்.”